ஹனீப் பாய் வீட்டு லைட் பில்

தாராவியில் ஒரு வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. ரேஷன் கார்டு ஒருவர் பெயரில், தண்ணீர்க் குழாய் இன்னொருவர் பெயரில், லைட் பில் மூன்றாவது ஆள் பெயரில் இருக்கும். குடியிருப்பவர் நாலாவது ஆள். இதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. பெயர் மாற்ற எழுதிக் கொடுத்தால் இருக்கிற கனெக்‌ஷனையும் பிடுங்கிவிடுவார்கள் என்று ஒரு பயம். ஆகவே செத்தவன் பெயரிலேயே மாதாமாதம் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்திக்கொள்வார்கள்.

அப்படிப் பத்திரப்படுத்துவதில் விஜயராணியை மிஞ்ச அந்தச் சந்தில் ஆள் இல்லை. தொண்ணூற்றாறாம் வருஷம் கல்யாணமாகி, நாங்குநேரிப் பக்கமிருந்து அந்த வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து லைட் பில்களை ஒரு மாதம் விடாமல், வருஷத்துக்கு ஒரு கட்டாக ரப்பர் பேண்டு போட்டு, பெரிய பிஸ்கட் டின் ஒன்றில் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொரு பில்லிலும் முகம்மது ஹனீப் என்று அச்சடித்திருக்கும். ஹனீப் பாய் யார் என்று அவளுக்குத் தெரியும். அவள் புருஷன் ஏசுதாஸுக்குத் தோல் வேலை சொல்லிக் கொடுத்த முதலாளி. தொண்ணூற்று மூணு கலவரத்தில் ஊருக்குப் போனவர், வீட்டை ஏசுதாஸுக்கே விற்றுவிட்டார். இப்படித்தான் ஏசுதாஸ் சொல்லியிருந்தார். கட்டின புருஷன் சொன்னதைச் சந்தேகப்பட அவளுக்கு இருபத்தொன்பது வருஷமாக ஒரு காரணமும் இருக்கவில்லை.

அந்த வருஷம் மழை மே மாதமே வந்துவிட்டது. மழையோடு, தாராவியை இடித்துக் கட்டுவதற்கான சர்வேயும் வந்தது. கையில் டேப்லெட், கழுத்தில் அட்டை, காலில் கம்பூட்ஸ் என்று இரண்டு பையன்கள் சந்துக்குள் நுழைந்து கதவுக்குக் கதவு சிவப்பு பெயிண்டில் நம்பர் போட்டார்கள். ரெண்டாயிரத்துக்கு முன்னால் கீழ்த்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் இருந்தால் அங்கேயே புதுக் கட்டடத்தில் வீடு. இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே உப்பளத்துப் பக்கம் எங்கேயோ என்று பேச்சு. அங்கே போனால் தோல் எங்கே வாங்குவது, பர்ஸை யாரிடம் விற்பது? அந்த வீட்டில் மேலே கார்கானா என்கிற தோல் பட்டறை, கீழே அடுப்பும் படுக்கையும். ஏசுதாஸ் தோலை வெட்டிச் சீவித் தருவார். விஜயராணி சுலோசன் பசை தடவி ஓரம் மடித்து, உள்ளே அஸ்தர் துணி ஒட்டுவாள். அவர் மிஷினில் ஓட்டுவார். மழைக்காலத்தில் தோலில் பூசணம் பூக்கும். குண்டு பல்பைக் கீழே தொங்கவிட்டுக் காயவைத்துத் துணியால் துடைத்துத் துடைத்துத்தான் வேலை பார்க்க வேண்டும்.

சர்வேக்காரப் பையன் ஒருவனுக்கு ஷ்ரவண் என்று பெயர், மரியாதை தெரிந்த பிள்ளை. விஜயராணி டின்னைத் திறந்து காட்டியதும் அசந்துபோனான். இவ்வளவு ஒழுங்காக வைத்தவர்களை இந்த ஏரியாவிலேயே பார்த்ததில்லை என்று இந்தியில் பாராட்டினான். அவளுக்குக் குளிர்ந்துபோயிற்று. பிறகு அவன் தலையைச் சொறிந்துகொண்டு, ஆண்ட்டி, இந்த வீடு ரொம்பப் பழசு என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை, ஆனால் இதெல்லாம் வீடு முகம்மது ஹனீப்புடையது என்றுதானே சொல்கிறது என்றான். அவரிடமிருந்து உங்களுக்கு வந்த காகிதத்தை எடுத்து வையுங்கள், அடுத்த வாரம் விட்டு வருகிற புதன்கிழமை வருகிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டான். அவள் டின்னை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பார்த்துப் பார்த்துச் சேர்த்ததெல்லாம் இன்னொருத்தன் சாட்சிக்குச் சேர்த்ததாக ஆகிவிட்டது.

சந்துக் கமிட்டியைப் பார்த்துக்கொள்கிறவர் இசக்கி. அறுபத்தைந்து வயது, அந்தச் சந்திலேயே பிறந்தவர், எந்த வீட்டில் எந்த வருஷம் தரை ஏற்றினார்கள் என்பதுவரை சொல்வார். அவர் வந்து ஒரு டீயைக் குடித்துவிட்டு, ஸ்டாம்ப் பேப்பர் ஒன்று இருக்குமே, அதைத் தேடிப் பாருங்கள் என்றார். மேலே மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஏசுதாஸ் ஓட்டத்தை நிறுத்தாமலே, அது ரெண்டாயிரத்தஞ்சு வெள்ளத்தில் போய்விட்டது என்றார்.

அந்த வெள்ளத்தன்று ஏசுதாஸ் செம்பூரில் மாட்டிக்கொண்டார். இடுப்பளவு தண்ணீரில் டின்னையும் டிரங்குப் பெட்டியையும் மேலே ஏற்றியது விஜயராணிதான். ஒரு காகிதம் நனையவில்லை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனுஷன் மறந்திருப்பார் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாளைக் குழம்புக்குப் புளி கரைக்கப் போனாள்.

மகள் ரீனா சும்மா இருக்கிற ஆள் இல்லை. காட்கோபரில் ஒரு ஆபீசில் வேலை. எதையும் கம்ப்யூட்டரில் தேடிப் பிடித்துவிடுவாள். வீட்டின் பழைய கதையைத் தோண்டி எடுக்கிறேன் என்று கிளம்பினாள். பழைய வோட்டர் லிஸ்டை மராத்தியில் கண்டுபிடித்தாள். இதே நம்பரில் முகம்மது ஹனீப், அவர் மனைவி நூர் நிஷா, கடைசியில் ஏசுதாஸ். "பப்பா, நீ இங்க வேலைக்காரனாவா இருந்தே? எனக்குச் சொல்லவே இல்ல," என்று சிரித்தாள். ஏசுதாஸ் சிரிக்கவில்லை. பழசைக் கிண்டி என்ன ஆகப்போகுது, உள்ளதை வைத்து இசக்கி ஏதாவது வழி பண்ணுவார் என்று முணுமுணுத்தார். அன்றிலிருந்து ரீனா எதைத் தொட்டாலும் அவர் கண் அவள் கையிலேயே இருந்தது.

சனிக்கிழமை அவர் பர்ஸ் கொடுக்கப் போன நேரத்தில் ரீனா மிஷின் மேஜையின் இழுப்பறையைப் பிடித்து இழுத்தாள். மரம் உப்பிப்போய் வருஷக்கணக்காகத் திறக்காத இழுப்பறை. அடித்துப் பிடுங்கியதில் பாதி உடைந்து கையோடு வந்தது. துருப்பிடித்த ஊசி, பாபின், அதற்கடியில் ஒரு இன்லண்ட் லெட்டர். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து, "த... ம்... பி" என்று எழுத்துக்கூட்டிவிட்டு, "மம்மி, யே தும் படோ," என்று படிக்கச் சொல்லி நீட்டினாள். தமிழ் அவளுக்குப் பேச வரும், அவ்வளவுதான்.

கடையநல்லூரிலிருந்து, தொண்ணூற்று நாலு ஏப்ரலில் எழுதியது. விஜயராணி சத்தம் போட்டே படித்தாள்.

"அன்புத் தம்பி ஏசுதாசுக்கு ஹனீப் எழுதிக்கொண்டது. ஆண்டவன் கிருபையால் ஊர் வந்து சேர்ந்தேன். நீ போனில் சொன்னபடி கல்யாண் ஸ்டேஷனிலேயே இறங்கித் திரும்பிவிட்டேன். நீ செய்த உதவியை மௌத்து வரை மறக்க மாட்டேன். வீட்டைப் பூட்டிப் போடாதே, நீயே தங்கிக்கொள். மிஷினைத் தினமும் ஓட்டு, இல்லாவிட்டால் துருப்பிடித்துவிடும். லைட் பில்லை மட்டும் தவறாமல் கட்டி ரசீதை வைத்திரு. நிலைமை சரியானதும் எனக்கு எழுது. வருகிறேன்."

விற்ற வீட்டுக்கு யாராவது இப்படி எழுதுவார்களா? ரீனாவுக்கே புரிந்துவிட்டது. அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, உடைந்த இழுப்பறையைத் திரும்பப் பொருத்தப் பார்த்தாள்.

சாயங்காலம் ஏசுதாஸ் வந்ததும் கடிதத்தை அவர் முன்னால் வைத்தாள் விஜயராணி. அவர் அதைத் தொடவில்லை. பிறகு சொன்னார்: ஹனீப் அண்ணன் சாவியைக் கொடுத்துப் பார்த்துக்கொள் என்றார், ஒரு வருஷம் கழித்து வரப் பார்த்தார், கல்யாணில் இறங்கிப் பேக்கரிக் கடை போனுக்குக் கூப்பிட்டு வரலாமா என்று கேட்டார், காலம் சரியில்லை, வரவேண்டாம் என்று சொன்னேன், அப்புறம் அவர் வரவேயில்லை, நான் என்ன செய்ய? சொன்னதெல்லாம் நிஜம்போலத்தான் இருந்தது. ஆனாலும் சொல்லும்போது அவர் கை சுலோசன் டப்பாவின் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டும் மூடிக்கொண்டும் இருந்தது.

"நிலைமை சரியானப்போ நீங்க எழுதினீயளா?" என்று கேட்டாள்.

"எழுதணும்னுதான் இருந்தேன் ராணி. ஒன்னக் கட்டினேன். ரீனா பொறந்தா. தள்ளிப் போயிட்டு," என்றார்.

புதன்கிழமைக்குப் பதினொரு நாள்தான் இருந்தது. வேறு வழி இல்லை, அவர்கள் கையெழுத்தை வாங்கித்தான் ஆகவேண்டும் என்று ரீனா சொன்னாள். இசக்கி ஊர்க்காரர்களுக்கு நாலு போன் போட்டார். ஹனீப் பாய் ரெண்டாயிரத்துப் பதினொன்றில் தவறிவிட்டார், மகன் சைஃப் கல்யாணில் ஸ்டேஷன் பக்கம் மொபைல் கவர் கடை வைத்திருக்கிறான், தாயார் அவனோடுதான் என்று தெரிந்தது. ஏசுதாஸ், நான் வரவில்லை, ஆர்டர் கிடக்கிறது என்றார். ஆர்டர் ஒன்றும் அவ்வளவு அவசரமில்லை என்பது விஜயராணிக்குத் தெரியும்.

வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் சயானில் ரயில் ஏறினார்கள். வழியெல்லாம் மழை. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் நீலத் தார்ப்பாய் போர்த்திய கூரைகள். வீட்டைக் கேட்டுச் சண்டைக்கு நிற்பார்களா, காலில் விழ வேண்டியிருக்குமா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, எல்லாவற்றுக்கும் ஒரு பதிலைத் தயார் செய்து வைத்திருந்தாள் விஜயராணி.

ஏசுதாஸின் பெண்டாட்டி என்று சொன்னதும் நூர் நிஷா எழுந்து வந்து கட்டிக்கொண்டார். எழுபதை நெருங்கிய, ஒடிசலான மனுஷி. வரப்போவது தெரிந்து நெய்ச்சோறும் கறியும் ஆக்கி வைத்திருந்தார். சாப்பிடாமல் பேச்சே கிடையாது என்று தட்டில் போட்டு உட்கார வைத்தார்.

"ஒம் மாப்ள மட்டும் இல்லேன்னா எம் பிள்ளைங்க அப்பவே அனாதை தாயி," என்றார். "அவுக கல்யாண் வரைக்கும் வந்துட்டாவ. ஏசுதாஸ் தம்பிதான் போன்ல சொல்லிச்சு: அண்ணே வந்துராதிய, பேரெழுதி ஒரு பட்டியல் வச்சுக்கிட்டுத் தேடுதானுவ, அதுல ஒங்க பேரு இருக்கு, நானே கண்ணால பாத்தேன்னு. அப்படியே அடுத்த வண்டியில திரும்பிட்டாவ. மத்தவங்கல்லாம் போயி வேல பாக்காங்களே, நீங்களும் போங்கன்னு ஊரே சொல்லிச்சு. அவங்களுக்கென்ன, எம் பேருல்லா பட்டியல்ல இருக்குன்னுட்டாவ. கூடப் பொறந்த தங்கச்சி தாராவிக்குப் பக்கத்துல சுனாபட்டியில மௌத்தானா. அதுக்கும் வரல. கம்பளி விக்கிற வடக்கத்திக்காரன் தெருவுல வந்து இந்தியில சத்தம் போட்டான்னா பட்டப்பகல்ல கதவச் சாத்திருவாவ. பதினேழு வருசம் தாயி. ஆனா ஒவ்வொரு ஜும்ஆவுக்கும் ஒம் மாப்ளைக்கு ஒரு துஆ கேக்காம எந்திரிச்சதில்ல."

விஜயராணி பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். தொண்ணூற்றாறில் அவள் வந்தபோது அந்தச் சந்தில் பாதி வீடு தின்னவேலிப் பாய்மார் வீடுதான். கலவரத்துக்குப் பயந்து போனவர்கள் எல்லோரும் தொண்ணூற்று மூணு ஈஸ்டருக்குள் திரும்பிவிட்டார்கள் என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள். பட்டியல் என்று ஒரு வார்த்தையை ஒருவர் வாயிலிருந்தும் கேட்டதில்லை. அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்த மனுஷர் கட்டின பெண்டாட்டியிடம் இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்க மாட்டாரா? உண்ட வீட்டுக்கு ரெண்டகம் நினைத்தவன் என்பார்களே, அவன் இத்தனை வருஷமாகத் தன் பக்கத்தில் படுத்திருந்தான் என்று நினைத்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அழுகையும் வந்தது. நூர் நிஷா அதைப் பார்த்துவிட்டு, போனதை நினைத்து அழாதே தாயி என்று இன்னும் ஒரு கரண்டி கறி வைத்தார்.

கையெழுத்து விஷயத்தை ரீனாதான் சொன்னாள். கடையிலிருந்து வந்திருந்த சைஃப், "உம்மா, சோச்கே கரோ, யோசிச்சுச் செய்யுங்க. வாப்பா பேர்ல இருக்குற வீடு," என்றான். நூர் நிஷா அவனை ஒரு பார்வை பார்த்தார். உசிரைக் கொடுத்தவனுக்கு வீட்டைக் கொடுத்தால் குறைந்தா போய்விடும் என்றார். இடிப்பதற்கு முன்னால் அந்த வீட்டை ஒருதரம் பார்க்க வேண்டும், தம்பியையும் பார்க்க வேண்டும், புதன்கிழமை நானே வந்து போட்டுத் தருகிறேன் என்றார். உண்மையைச் சொல்ல அதுதான் நேரம். விஜயராணி வாயைத் திறந்தாள். "வாங்க மைனி," என்று மட்டும்தான் வந்தது.

திரும்பி வந்து புருஷனிடம் கேட்டாள். "பட்டியல் இருந்துச்சா?" ஏசுதாஸ் தோல் சீவுகிற கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டி முடித்து விரலால் பதம் பார்த்தார். "மொதல்ல கையெழுத்து ஆகட்டும்," என்றார். அவ்வளவுதான் பதில். ரீனாவுக்கும் அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து அவள் அப்பாவோடு பேசவில்லை. ஆனால் வீடு வேண்டாம் என்று அவளும் சொல்லவில்லை.

இடையில் வந்த நாலு நாளும் விஜயராணி ஒட்டின அஸ்தரெல்லாம் கோணலாகப் போயிற்று. இசக்கியை மட்டும் அன்றைக்கு வராமல் தடுத்துவிட்டால் போதும் என்று கணக்குப் போட்டாள். அவர் வாய்க்குப் பூட்டு கிடையாது. ஆனால் பழைய குடித்தனக்காரர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஷ்ரவண் போனில் சொல்லிவிட்டான். அந்தச் சந்தில் இசக்கியை விட்டால் பழைய ஆள் யார் இருக்கிறார்கள்?

புதன்கிழமை காலை பத்து மணிக்கு மழை விட்டிருந்தது. நூர் நிஷா சைஃபின் கையைப் பிடித்துக்கொண்டு சந்துக்குள் வந்தார். வாசலில் காலைத் தூக்கி வைக்கப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். முன்பெல்லாம் மூன்று படி ஏறிப் போக வேண்டும். மழைக்கு மழை சந்துப் பாதையை உயர்த்தி, வீட்டுத் தரையை நாலு தரம் ஏற்றியும் எட்டாமல், இப்போது நிலைக்குத் தலை குனிந்து கீழே இறங்க வேண்டியிருந்தது. "எங்க வீடு உள்ள போயிட்டே தம்பி," என்றார்.

ஏசுதாஸ் வந்து கையைப் பிடித்தார். நூர் நிஷா அவர் இரண்டு கைகளையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஏசுதாஸ் கையை இழுக்கவும் முடியாமல் விடவும் முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றதை விஜயராணி பார்த்தாள். ஜென்மத்தில் அவளுக்கு அந்த முகம் மறக்காது.

ஷ்ரவண் வந்தான். காகிதத்தைப் படித்துக் காட்டினான். நூர் நிஷா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழில் நிதானமாகப் பெயரை எழுதினார். இசக்கி சாட்சி போட்டார். வேலை முடிந்தது என்று விஜயராணி மூச்சை விட்டாள். அப்போது ஷ்ரவண் டேப்லெட்டைத் தட்டிக்கொண்டே, முதல் ஓனர் ஏன் வீட்டை விட்டுப் போனார் என்று ஒரு கட்டம் இருக்கிறது, என்ன போட என்று கேட்டான்.

"பட்டியல்ல பேரு இருந்துச்சுன்னு போடுங்க," என்றார் நூர் நிஷா.

இசக்கிக்குப் புரியவில்லை. "என்ன பட்டியல் பாயம்மா?" என்றார். நூர் நிஷா விவரம் சொன்னதும் இல்லையென்று தலையை ஆட்டினார். "யாரோ ஒங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காவ. நான் அப்போ ராவும் பகலும் இந்தச் சந்து முனையிலதான் காவலுக்கு நின்னேன். போனவங்க அம்புட்டுப் பேரும் ஈஸ்டருக்குள்ள வந்துட்டாவ, நானே கூட நின்னு வீடு தொறந்து விட்டேன். ஹனீப் பாயத் தேடி இங்கன ஒரு ஈ காக்கா வரல. ஊர்ல வயலு வாங்கிட்டாரு போலன்னுல்லா நாங்க நெனச்சோம்."

நூர் நிஷா கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, அந்தப் பட்டியல் யாரு கையில இருந்துச்சு?"

ஏசுதாஸ் குனிந்து தரையில் கிடந்த தோல் துண்டுகளைப் பொறுக்கினார். கேட்டவர் திரும்பவும் அதையே கேட்டார். இதற்குமேல் தாங்க முடியாது என்று விஜயராணிக்குத் தோன்றியது.

"பட்டியல்னு ஒண்ணு கெடையாது மைனி. கல்யாண்ல ஒங்க சோத்தத் திங்கும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுதான் வாங்கன்னு சொன்னேன்."

சைஃப் எட்டிக் காகிதத்தைப் பிடுங்கினான். கிழிக்கப் போனவன் கையை நூர் நிஷா பிடித்தார். சத்தமாகப் பேசவில்லை. விலை கேட்கிற மாதிரிச் சாதாரணமாகத்தான் பேசினார்.

"வை மவனே. எழுதினது எழுதினதுதான். இந்தக் குழிக்குள்ள எனக்கென்ன வேல?" பிறகு ஏசுதாஸிடம் திரும்பினார். "நீ ஊருக்குப் போ. கபுருஸ்தான்ல அவுக தலமாட்டுல நின்னு, அண்ணே, ஒங்க பேரு எந்தப் பட்டியல்லயும் இல்ல, நீங்க வெளிய வரலாம்னு சொல்லு. பதினேழு வருசமா அத ஒரு ஆளு சொல்லாதான்னு காத்துக்கிட்டுக் கெடந்தாவ. சொல்லிட்டு வந்து இந்த வீட்டுல ஒனக்குத் தூக்கம் வந்தா தூங்கு."

குனிந்து நிலையைத் தாண்டி ஏறிப் போய்விட்டார். வைத்த டீ அப்படியே இருந்தது. இசக்கி என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைத் தேடினார். ரீனா அடுப்பு மூலையில் முகத்தைச் சுவரோடு வைத்துக்கொண்டு நின்றாள்.

ஷ்ரவணுக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. கையெழுத்து இருக்கிறது, சாட்சி இருக்கிறது, அவனுக்கு அது போதும். ஓனர் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி ஒரு போட்டோ வேண்டும் என்றான். ஏசுதாஸ் போய் நின்றார். ஆண்ட்டி, நீங்களும் பக்கத்தில் வாருங்கள், வீடு ரெண்டு பேர் பெயரிலும்தான் வரும் என்று கூப்பிட்டான்.

சந்து முனையில் நூர் நிஷாவின் வெள்ளைத் துப்பட்டி திரும்புவது தெரிந்தது. ஓடிப்போய் அந்தக் காலைப் பிடித்திருக்கலாம். வீடும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். விஜயராணி சேலையைச் சரிசெய்துகொண்டு போய்ப் புருஷன் பக்கத்தில் நின்றாள்.